தண்ணிக்காரி துவைத்த சட்டை

ஆஸ்பத்திரித் துணி வந்து இறங்கும் சலவைக்கூடத்தில் மூட்டை பிரிக்கிறவளுக்கு அருவருப்பு என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தால் முதல் நாளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள். சீழ் காய்ந்து விறைத்த கட்டுத்துணி, பேதி போன விரிப்பு, பிரசவ அறையிலிருந்து வரும் கனமான சிவப்பு மூட்டை, யாரோ வாந்தியெடுத்ததை அப்படியே சுருட்டிக் கட்டி அனுப்பிய போர்வை, எல்லாவற்றையும் முதலில் தொடுவது அவள் கைதான். தொட்டு, உதறி, ரத்தம் தனி, எண்ணெய் தனி, மருந்து தனி என்று பிரித்துப் போடுவாள். அதற்கப்புறம்தான் இயந்திரம், சோப்பு, இஸ்திரி எல்லாம். கூடத்தில் எல்லாருக்கும் அவள் மூட்டைக்காரி. பெற்றவர்கள் வைத்த பேரைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஒரு தடவை வெயில் காலத்தில் மூலையில் மறந்துபோன மூட்டை ஒன்றைப் பிரித்தபோது உள்ளே வெள்ளை விரிப்பு நெளிந்தது. துணி நெளியவில்லை, துணிமேல் இருந்தது நெளிந்தது. பக்கத்தில் நின்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூட்டைக்காரி அதை வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் போய் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு சாயங்காலம் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. மூட்டையைப் பார்த்து இல்லை. தன் வீட்டு டிவியைப் பார்த்து.

அது ஒரு பேய்த் தொடர். கூடத்துப் பெண்கள் யாரும் அதன் தலைப்பைச் சொல்வதில்லை. ‘தண்ணிக்காரி’ என்றால் போதும். பணக்கார வீட்டு மருமகள் ஒருத்தி. புருஷன் மொட்டை மாடியில் வைத்து அவள் மண்டையை உடைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளி மூடிவிடுகிறான். அன்றிலிருந்து அந்த வீட்டுக் குழாய் ஒவ்வொன்றிலும் அவள் வருகிறாள். பல் துலக்கப் போனால் வருகிறாள், குடிக்கப் பிடித்தால் டம்ளருக்குள் கண் தெரிகிறது. புருஷன்காரன் தலையில் எண்ணெய் வழிய வழியச் சீவியிருப்பதால் அவனுக்கு எண்ணெய்த்தலை என்று பேர். வாரக்கணக்கில் அவனை அந்தத் தண்ணீர் விரட்டிக்கொண்டிருந்தது.

மூட்டைக்காரிக்கு அந்தப் பேய் மேல் உயிர். நாளெல்லாம் தண்ணீரில் நின்று பாதம் வெளுத்து, விரலிடுக்கில் புண் வந்து போகிறவளுக்கு, தண்ணீரே எழுந்து ஒருத்தனைக் கேள்வி கேட்கிற கதை பிடிக்காமல் என்ன செய்யும்? கூடத்தில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏறும்போது குழாய் ஒரு விக்கல் விக்கும். விக்கியதும் யாராவது, “வந்துட்டாடி” என்பார்கள். மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தால், இவனையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போ தாயே என்று முணுமுணுப்பார்கள். அவன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

அன்றைக்குக் கூடம் முழுக்க அதே பேச்சு. முந்தின நாள் கடைசியில் எண்ணெய்த்தலை துண்டோடு குளியலறைக்குள் போனதோடு தொடரும் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அவன் கதை முடிந்தது என்று மூட்டைக்காரி அடித்துச் சொன்னாள். மடிப்பு மேசைக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரம் இருந்தாலும் கட்டினவன், பெண் மனசு கடைசியில் இளகிவிடும் என்றாள். செத்துத் தண்ணியில ஊறினவளுக்கு மனசு ஏது, அது எப்பவோ கரைந்து சாக்கடையில் போயிருக்கும் என்றாள் மூட்டைக்காரி. தோற்றவள் மறுநாள் பிரசவ அறை மூட்டையை ஒண்டியாகப் பிரிக்க வேண்டும் என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள்.

பந்தயம் பேசும்போதும் மூட்டைக்காரியின் பாதி மனசு வீட்டில்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வருகிறான். மகளைத் திருப்பிக் கூட்டிப் போக.

மகள் மழை பிடிக்கும் முன்னால் வந்தவள். ஒரு பையும் ஒரு தலையணையுமாக வந்து நின்றாள். தலையணை சின்ன வயசிலிருந்து உள்ளது, அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. தாடையோரம் நீலம் மாறி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. என்னடி என்று கேட்டதற்கு, குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். மூட்டைக்காரி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வந்திருந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். இருப்பது ஓர் அறையும் ஒரு சமையலறையும். அவள் வீட்டுக்காரர் மரவாடியில் வாசல் காவல், முட்டி இரண்டும் தேய்ந்தவர். மாப்பிள்ளை குடிக்க மாட்டான், வேலைக்கு மட்டம் போட மாட்டான், இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. மூட்டைக்காரியும் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை போன் செய்தபோது, வாப்பா, வந்து கூட்டிட்டுப் போ என்று சொன்னதும் அவள் வாய்தான்.

அதற்கு நடுவில் ஒன்று நடந்திருந்தது. மகள் வந்த மறுநாள் மூட்டைக்காரி தலையணை உறையை மாற்றப் போனாள். உறையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. துவைத்த துணிதான், சோப்பு வாசனைகூட இருந்தது, கறை மட்டும் போகவில்லை. மூட்டைக்காரிக்கு அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். ரத்தம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் தடமில்லாமல் போயிருக்கும். சுடுதண்ணீரில் போட்டிருக்கிறார்கள். சுட்டால் ரத்தம் நூலுக்குள் வெந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் உலகத்துச் சோப்பெல்லாம் போட்டாலும் அசையாது.

சலவைக்கூடத்தில் அப்படி வெந்துபோன துணிக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கறை உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, மேலே வெள்ளை முகம் தெரிய அடுக்கி அனுப்பிவிட வேண்டும். மேஸ்திரி வேலைக்கு வந்தவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான். மூட்டைக்குப் போவதற்கு முன் மடிப்பு மேசையில் வருஷக்கணக்கில் நின்றவள் அவள். கை தானாகவே செய்தது. உறையைக் கறை உள்ளே போக மடித்து, ஓரத்தை நீவி, அலமாரியில் வைத்து வேறு உறை போட்டாள். யார் ரத்தம், யார் சுடுதண்ணீரில் போட்டது என்று யோசிக்கவில்லை. யோசிக்க ஆரம்பித்த இடத்திலேயே யோசனையையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டாள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். தொடர் முடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தாள், முன்னாலேயே வந்துவிட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்ல உயரம், சுத்தமான நகம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியில்தான் குடும்பமே விழுந்தது. ஒரு பை நிறையக் கறுப்புத் திராட்சை வாங்கி வந்திருந்தான். வாங்கத்தே என்று அவள் வீட்டிலேயே அவளை அவன் வரவேற்றான். இருந்த ஒரே கைவைத்த நாற்காலி அவனுக்குப் போயிருந்தது. வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி ஒடுங்கியிருந்தார். மகள் சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள். பக்கத்தில் கட்டி வைத்த பை. பையின் வாயில் தலையணை பிதுங்கிக்கொண்டு நின்றது.

மூட்டைக்காரி முகம் கழுவி வந்து கட்டிலின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தாள். கிளம்பலாமா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, பாத்துட்டுப் போலாம் தம்பி, இன்னைக்குத்தான் முக்கியம் என்றாள். அவனுக்கும் சந்தோஷம்தான். அவன் வீட்டிலும் இதைத்தான் பார்க்கிறார்களாம், அவன் அம்மா சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாளாம்.

தொடங்கியது.

எண்ணெய்த்தலை உள்ளே போனதும் குளியலறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முட்டிக்கு வந்தது. மூட்டைக்காரி தன்னையறியாமல் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நடுவில் ஒரு சுழல் கிளம்பி அதிலிருந்து தண்ணிக்காரி எழுந்தாள். மண்டையில் அந்த வெட்டு, முகத்தில் ஒட்டிய மயிர், வாயிலிருந்து வழியும் தொட்டிப் பாசி. எண்ணெய்த்தலை கதவை இடித்தான், கத்தினான். தண்ணீர் மோவாய்க்கு வந்தது. அமுக்குடி என்று மூட்டைக்காரி வாய்க்குள்ளேயே சொன்னாள். வீட்டுக்காரர்கூட முட்டியைத் தடவுவதை நிறுத்தியிருந்தார்.

அங்கே விளம்பரம் போட்டார்கள். துணி சோப்பு விளம்பரம்.

அந்த இடைவேளையில் மாப்பிள்ளை பேசினான். அவன் பண்ணினது தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை என்று நியாயமாகத்தான் தொடங்கினான். அப்புறம் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

“ஆனா அத்தே, அவளும் கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல? மொட்டை மாடி வரைக்கும் எதுக்கு அவன் பின்னாடியே வாயடிச்சிட்டுப் போறா? மனுஷன் வேலை முடிஞ்சு வர்றான், அவனுக்கும் தலைவலி இருக்கும்ல.”

வீட்டுக்காரர் மறுபடி முட்டியைத் தடவ ஆரம்பித்தார். மகள் பையின் ஓரத்தில் பிரிந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றச் சுற்ற விரல் நுனி வெளுத்தது. மூட்டைக்காரி அதைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். கதை திரும்பி வந்துவிட்டது.

வந்த கதை வேறாக இருந்தது. எண்ணெய்த்தலை தண்ணீருக்குள் கையெடுத்துக் கும்பிட்டான். நீ போன பிறகு இந்த வீடு வீடாகவே இல்லை என்றான். நீ இல்லாமல் என் சட்டையைக்கூட யாரும் சரியாகத் துவைப்பதில்லை என்று அழுதான். அதைக் கேட்டதும் தண்ணிக்காரியின் உதடு நடுங்கியது. புல்லாங்குழல் ஊத ஆரம்பித்தார்கள். மண்டை வெட்டு மூடிக்கொண்டது. பாசி மறைந்தது. ஒட்டிக்கிடந்த மயிர் காய்ந்து, அலையலையாக விரிந்து, அழகு நிலையத்திலிருந்து நேராக வந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு தண்ணீரில் விழுந்ததும் மொத்தத் தண்ணீரும் குழிக்குள் இறங்கிப் போனது.

மன்னித்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் மூட்டைக்காரி தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். விடவில்லை. இனி இந்த வீட்டிலேயே உங்களுக்குத் துணையாக இருப்பேன் என்றது பேய். காலையில் எண்ணெய்த்தலை கண் விழிக்கிறான், சமையலறையில் பாத்திரம் தானாகத் துலங்குகிறது. துடைப்பம் தானாகக் கூட்டுகிறது. மாமியார்க்காரி திண்டில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள். பரணில் ஒளித்து வைத்திருந்த சட்டை, அவளைக் கொன்ற அன்று அவன் போட்டிருந்த சட்டை, மார்பு முழுக்க அவள் ரத்தத்தோடு தானாக இறங்கி வருகிறது. அடுப்பில் பெரிய பானை. தளதளவென்று கொதிக்கிற தண்ணீர். சட்டை அதில் முங்குகிறது, கண்ணுக்குத் தெரியாத கை அதைக் கசக்குகிறது, பிழிகிறது, கொடியில் காயப் போடுகிறது. பளிச்சென்று வெள்ளை. காற்றில் அந்தச் சட்டை கை இரண்டையும் விரித்து ஆடுகிறது. பாட்டு.

மூட்டைக்காரிக்கு முதலில் கோபம் வரவில்லை. வயிறுதான் முந்திக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து புளிப்பாக ஒன்று ஏறி நெஞ்சில் நின்றது. நெளிந்த விரிப்பைப் பார்த்தபோது வராதது இப்போது வந்தது. அடித்துக் கொன்று தொட்டியில் தள்ளியிருக்கிறான். செத்தும் விடவில்லை. செத்தவளை எழுப்பி அவள் ரத்தத்தை அவளையே துவைக்க வைத்திருக்கிறான். கூலி கிடையாது, சோறு கிடையாது, படுக்கப் பாய்கூடக் கிடையாது. இதற்குப் புல்லாங்குழல் வேறு. இத்தனை வாரம் இந்தக் கேவலத்துக்கா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைக்கையில் வாயெல்லாம் எச்சில் ஊறியது. விழுங்க அருவருப்பாக இருந்தது.

பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. அழுதுகொண்டிருந்தான். நிஜமாகவே கண்ணீர், கன்னத்துக் குழி வரைக்கும் வந்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினான்.

“பாத்தியா? இதான் பொம்பளை.”

அவன் அழுகை நடிப்பில்லை என்பதுதான் மூட்டைக்காரிக்குத் தாங்கவில்லை. நடிப்பென்றால் துப்பிவிட்டுப் போகலாம். இவன் உருகிப்போய் இருக்கிறான். உருகின கையாலேயே நாளைக்கும் அடிப்பான். அடித்துவிட்டு இதே மாதிரி உருகுவான்.

ஆனால் அவள் வாயில் வந்தது அது இல்லை. வாய் தன் பாட்டில் வேலைப் பேச்சைப் பேசியது.

“ரத்தத்தைப் போய் எவளாவது சுடுதண்ணியில போடுவாளா? வெந்து ஒட்டிக்குமே. சாகுற வரைக்கும் போகாது. இதுகூடத் தெரியாமலா கதை எழுதுறானுங்க.”

மாப்பிள்ளை சிரித்தான். அத்தைக்கு எங்கே போனாலும் சலவைக்கூடம்தான் என்றான். வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிக்க வாயைத் திறந்தார்.

மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சத்தமும் உயர்த்தவில்லை. கடையில் என்ன விலை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“மாமியார் போட்டாங்கம்மா. எனக்குத் தெரியாதா பச்சைத் தண்ணியில போடணும்னு? எந்திரிக்க முடியாமக் கெடந்தேன்.”

வீட்டுக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது.

தெரியாதா என்றால் தெரியும். சலவைக்கூடத்துக்காரி மகள். சின்ன வயசில் விளையாடப் போய் முட்டியை உடைத்துக்கொண்டு வந்தால் அழுவதற்கு முன்னால் பாவாடையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஒரு கை உப்பைத் தூவிவிட்டுத்தான் அழுவாள். அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் கைக்கு எட்டியிருந்தால் அந்த உறையில் கறையே இருந்திருக்காது. கறை இருந்தது என்றாலே அவள் எழுந்து நடக்கிற நிலையில் இல்லை என்று அர்த்தம். எழுந்து நடக்க முடியாமல் ஒருத்தி கிடக்கும்போது, அந்த வீட்டில் அவசரப்பட்டு அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். மருந்துக்கு இல்லை. உறை துவைக்க. இது அத்தனையும் அந்தக் கறையிலேயே எழுதி ஒட்டின மாதிரி இருந்தது. மூட்டைக்காரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தவள். பார்த்து, மடித்து, ஓரம் நீவி வைத்தவள்.

எழுந்தாள். அலமாரியைத் திறந்தாள். உறை அங்கே இல்லை. பை கட்டும்போது மகள் எடுத்து வைத்திருப்பாள். பையை இழுத்துத் தலையணையை வெளியே எடுத்துப் போட்டாள். அடியில், மேலே வெள்ளை முகம் தெரிய, அவள் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. எடுத்து ஒரே உதறல். ஈரத் துணியை உதறுகிற மாதிரி சடாரென்று சத்தம் வந்தது. கறை வெளியே தெரிய அதைத் திராட்சைப் பைமேல் விரித்தாள்.

மாப்பிள்ளை சிரிப்பு பாதி இருக்கும்போதே அதைப் பார்த்தான்.

உடம்புச் சூட்டில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வரும், அதற்கு நான் என்ன பண்ண முடியும் என்று கேட்டான். மூட்டைக்காரி அவனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மூக்கில் வருகிற ரத்தம் சொட்டுச் சொட்டாக விழும், இது ஒரே பக்கமாகத் தலையை வைத்து நேரம் போவது தெரியாமல் கிடந்து ஊறின ரத்தம் என்று மட்டும் சொன்னாள். அவன் கன்னத்துக் குழி எங்கே போனது என்று தெரியவில்லை. குரல் மாறியது. புருஷன் பொண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், வரச் சொன்னது நீங்கள்தானே, இப்போது வீட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறீர்களா என்றான்.

“ஆமா, நான்தான் வரச் சொன்னேன்,” என்றாள் மூட்டைக்காரி. “என் வாயில புழு விழ. இப்ப நான்தான் போகச் சொல்றேன். அவ வரலை.”

அவன் மாமனார் பக்கம் திரும்பினான். மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க என்றான்.

வீட்டுக்காரர் கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு முட்டியை நிமிர்த்தி, அப்புறம் இன்னொரு முட்டியை நிமிர்த்தி எழுந்து நின்றார். குனிந்து மகளின் பையை எடுத்தார். மாப்பிள்ளை கையை நீட்டினான். நீட்டிய கையைத் தாண்டிக்கொண்டு போய்ப் பையை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். அவர் அந்த உயரத்துக்குக் கையைத் தூக்கி வெகுநாள் ஆகியிருந்தது. தோள் மூட்டு சொடுக்கியது.

“இங்க லிஃப்ட் கிடையாது மாப்பிள்ளை,” என்றார். “படியில வெளிச்சம் கம்மி. பாத்து எறங்குங்க.”

அவன் இறங்கிப் போகும் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது. நடுவில் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி இறங்கியது. டிவியில் நாளைய பாகத்திலிருந்து ஒரு துண்டு காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத கை எண்ணெய்த்தலைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் போய் அணைத்தார்.

மூட்டைக்காரி உறையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுத் திராட்சைப் பையைத் தூக்கிக் குப்பை வாளியில் கவிழ்த்தாள். திராட்சை என்ன பாவம் பண்ணியது என்று வீட்டுக்காரர் கேட்டார். அதைத் தின்றால் நாளைக்குக் காலையில் நாம் மூணு பேரும் தானாகப் பாத்திரம் துலக்க ஆரம்பித்துவிடுவோம் என்றாள். மகளுக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்து, பாதியிலேயே வேறு ஏதோவாக மாறிவிட்டது. முகத்தை முட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

மூட்டைக்காரி குழாயடியில் நின்று கை கழுவினாள். சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்து, வேலை முடிந்து வரும்போது கழுவுகிற மாதிரி முழங்கை வரைக்கும் கழுவினாள். எத்தனை மூட்டை பிரித்த கை. இதுவரைக்கும் அதன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இன்றைக்கு எவ்வளவு தேய்த்தாலும் பிசுபிசுவென்று இருந்தது. அந்த மாப்பிள்ளைப்பயலைப் பார்த்து வந்த குமட்டல் போய்விட்டது. இது வேறு குமட்டல். முதுகைத் திருப்பிக்கொண்டேதான் சொல்ல முடிந்தது.

“நீ வந்த மறுநாளே பாத்தேன்டி.”

“தெரியும்மா,” என்றாள் மகள். “மடிப்பைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. அப்படி மடிக்கிறது இந்த வீட்டுல நீதானே.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் தலையணையைத் தரையிலிருந்து எடுத்து, தட்டி, அந்தப் பழைய உறையையே அதற்கு மாட்டினாள். கறை மேலே தெரிய மாட்டிவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள். மூட்டைக்காரி அதைத் திருப்பிப் போடவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில் காலையிலேயே பந்தயப் பேச்சு வந்துவிட்டது. மடிப்பு மேசைக்காரி குதித்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன் இல்லையா, சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள் பார், அந்த இடத்தில் என்னால் அழுகையை அடக்கவே முடியவில்லை என்றாள். சுற்றி இருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இஸ்திரி போடுகிறவளுக்கு அந்தப் பாட்டு அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது.

கொதிக்கிற தண்ணீரில் ரத்தம் போகுமா, மடிப்பு மேசையில் நிற்கிற உனக்குமா அது உறுத்தவில்லை என்று மூட்டைக்காரி கேட்டாள். அட, கதைக்குத்தானே என்றாள் அவள். மாப்பிள்ளை வந்தாரா, பொண்ணு கிளம்பிட்டாளா என்று அடுத்த கேள்வியையும் சேர்த்தே கேட்டாள். இல்லை, அடிக்கிறான், அனுப்பவில்லை என்றாள் மூட்டைக்காரி. இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்த பேச்சு, சொல்லும்போது மூன்று வார்த்தைதான் இருந்தது. மேசையைச் சுற்றிப் பாட்டு நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி அனுப்பாதே என்று மெதுவாகச் சொன்னாள். யாரென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாரும் குனிந்து வேலையில் இருந்தார்கள்.

தோற்றவள் தோற்றவள்தான். பிரசவ அறை மூட்டையை மூட்டைக்காரி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முடிச்சை அவிழ்க்கும்போது கொதிகலனுக்குத் தண்ணீர் ஏறியது. குழாய் ஒரு விக்கல் விக்கியது. பழக்கதோஷத்தில் இஸ்திரிக்காரி, வந்துட்டாடி என்றாள்.

“வரட்டும்,” என்றாள் மூட்டைக்காரி, மூட்டைக்குள் கையை விட்டபடி. “அவளுக்குத்தான் இப்ப துவைக்கிறதுன்னா அவ்வளவு ஆசையாச்சே. ஒரு உறையைக் குடுத்து உக்கார வைங்க.”